டயர் பலூன் அல்ல

வழக்கமாக இந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடக் கதை, பழைய கரூர்க் கதை என்று எழுதிக்கொண்டிருப்பேன். இன்று சண்டை போடுவதற்காக எழுதுகிறேன். யாரோடு என்று கேட்டால், முதலில் என்னோடு. பிறகு என் வயதுக்காரர்களான உங்கள் எல்லோரோடும். விஷயம், கார் டயரில் காற்று. "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று கேட்கப் போகிறவர்கள்தான் இதை முக்கியமாகப் படிக்க வேண்டும்.

நேற்றுக் காலை பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிக்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு சின்னக் கார். ஓட்டி வந்தவருக்கு என்னைவிட இரண்டு வயது கூட இருக்கும். காற்றுப் பிடிக்கிற பையன், "முப்பத்தஞ்சு வெச்சரட்டுங்களா சார்?" என்றான். அவர் கண்ணாடியைக்கூட முழுசாக இறக்காமல் தலையை ஆட்டினார். நான் சும்மா இருக்க மாட்டாமல் இறங்கிப் போய், "உங்க வண்டிக்கு எவ்வளவு வைக்கணும்னு போட்டிருக்குங்க?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "எல்லா வண்டிக்கும் அதானுங்க" என்றார். பையனும் ஆமாம் என்றான். இரண்டு பேர் ஒத்துப்போன பிறகு மூன்றாவது ஆளுக்கு அங்கே என்ன வேலை? திரும்பி வந்து வண்டியில் உட்கார்ந்துகொண்டேன்.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. 2019 மே மாதம் வரை நானும் அதே ஆள்தான். அதற்கு மேலும் ஒரு படி. அவர் வெறும் தலையை ஆட்டினார். மேல்நிலைப் பள்ளியில் 31 வருடம் இயற்பியல் நடத்திய நான், நடத்திய பாடத்துக்கு நேர் எதிராகத் தலையை ஆட்டினேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கத்திரி வெயில் நேரம். மதுரையில் மச்சினிச்சி மகள் கல்யாணம். வண்டியில் நான், மனைவி, என் அக்கா, மகள், பேத்தி, ஆக ஐந்து பேர். பின்னால் டிக்கி நிறைய சாமான். கரூரில் காலையிலேயே வீட்டுக்குப் பக்கத்துப் பங்கில் காற்றுப் பிடித்திருந்தேன். 33. என் வண்டிக்குக் கம்பெனி போட்டிருப்பதும் 33தான் என்பது பிற்பாடு தெரிந்த விஷயம். அன்றைக்கு அது அதிர்ஷ்டவசமாகப் பொருந்திப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

மதியம் இரண்டு மணிக்குக் கொடைரோட்டுக்கு முன்னால் டீ குடிக்க நிறுத்தினோம். பக்கத்திலேயே ஒரு பங்க்சர் கடை. "எதுக்கும் ஒரு தடவை காத்துப் பாத்துரலாம்" என்று நானேதான் கேட்டேன். கடைக்காரர் கேஜை வைத்துப் பார்த்துவிட்டுப் பதறினார். "சார், முப்பத்தெட்டு இருக்கு! இந்த வெயிலுக்கு இப்படியே போனீங்கன்னா படார்னு போயிரும். இருபத்தெட்டுல வைக்கிறேன். வெயில் காலத்துல அஞ்சு கம்மியா வைக்கணும் சார்." நான் தலையை ஆட்டினேன். நாலு டயரிலும் புஸ்ஸென்று காற்றை இறக்கிவிட்டார். காசு வாங்கவில்லை. நல்ல மனிதர்.

கல்யாணம் முடிந்து, வெயிலுக்கு முன்னால் வீடு போய்ச் சேரலாம் என்று விடியற்காலை ஐந்தரைக்கு மதுரையில் கிளம்பினோம். திண்டுக்கல் தாண்டி, வேடசந்தூரும் தாண்டிக் கொஞ்ச தூரம். மணி ஏழு ஆகியிருக்கும். வேகம் தொண்ணூறு. வண்டியின் பின்பக்கம் ஏதோ ஆடுவது போல இருந்தது. ரோடு சரியில்லை என்று நினைத்தேன். அடுத்த நிமிடம் பட்டென்று ஒரு சத்தம். இடது பின் டயர். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் நடுத் திட்டில் மோதித் திரும்பி நின்றது. பின்னால் லாரி எதுவும் வரவில்லை. வந்திருந்தால் இந்தப் பதிவை எழுத ஆள் இல்லை.

அக்கா இடது பக்கம் பின் சீட்டில் இருந்தார். அவருக்கு அப்போது 71 வயது. மணிக்கட்டு எலும்பு முறிந்தது. பேத்திக்கு நெற்றியில் வீக்கம். மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. ஸ்டெப்னியை எடுத்து மாட்டினால் அது சப்பையாக உட்கார்ந்தது. உள்ளே 12தான் இருந்தது. வண்டி வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் தொட்டதில்லை.

ஊரே சொன்ன காரணம், வெயில். "கத்திரியில இப்படித்தான் டயர் வெடிக்கும்." அக்கா சொன்ன காரணம், கல்யாண வீட்டில் பட்ட கண். நானும் இரண்டுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

நாலு நாள் கழித்து, கிழிந்த டயரை மெக்கானிக் ரிம்மிலிருந்து கழற்றி உள்பக்கத்தைக் காட்டினார். உள்ளே கரித்தூள் கொட்டினது போலக் கறுப்பாகப் பொடி. டயரின் பக்கவாட்டில் உள்பக்கமாகச் சுற்றிலும் ஒரு வளையம் தேய்ந்திருந்தது. "காத்து கம்மியா ஓடிருக்குங்க சார். மடிஞ்சு மடிஞ்சு உள்ளுக்குள்ளயே அரைச்சிருக்கு" என்றார். நான் அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். காரணம் விளங்காததால் அல்ல. விளங்கியதால்.

ஏழு மணிக் குளிரில் வெடித்த டயருக்கு வெயில் எப்படிக் காரணமாகும்? அதை ஒரு நிமிடம்கூட நான் யோசிக்கவில்லையே!

இப்போது கணக்குக்கு வருகிறேன். பழைய மாணவர்கள் சிரிக்கக் கூடாது. பருமன் மாறாமல் இருந்தால், ஒரு வாயுவின் அழுத்தம் அதன் கெல்வின் வெப்பநிலைக்கு நேர் விகிதத்தில் இருக்கும். பதினோராம் வகுப்புப் பாடம். இதில் மாணவர்கள் செய்கிற ஒரே தப்பு, கேஜ் காட்டுகிற எண்ணை அப்படியே போடுவது. கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே எவ்வளவு என்பதை மட்டும். வெளிக்காற்றின் 14.7ஐயும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

காலையில் 27 டிகிரி, அதாவது 300 கெல்வின். டயரில் 33. மொத்த அழுத்தம் 47.7. மதியம் நெடுஞ்சாலையில் ஓடிய டயருக்குள் காற்று 57 டிகிரிக்குச் சூடானது என்று வைத்துக்கொள்ளுங்கள். 330 கெல்வின். பத்துக்கு ஒரு பங்கு கூடுகிறது. 47.7 என்பது 52.5 ஆகும். 14.7ஐக் கழித்தால் கேஜ் கிட்டத்தட்ட 38 காட்டும். கொடைரோட்டில் காட்டிய அதே 38. ஆக அந்த டயரில் எந்தக் கோளாறும் இல்லை. காலையில் வைத்த சரியான காற்றுதான், சூடாக இருந்தது.

அதை 28க்கு இறக்கினோம். மொத்தம் 42.7. ராத்திரி முழுக்க வண்டி நின்று, காலையில் மறுபடி 27 டிகிரிக்கு வந்தபோது பத்துப் பங்கு பதினோரு பங்கு கணக்கில் அது 38.8 ஆகிறது. கேஜ் காட்டியிருக்க வேண்டியது 24. அதாவது 33 வேண்டிய டயரில் 24ஐ வைத்துக்கொண்டு, ஐந்து பேரையும் கல்யாணச் சாமானையும் ஏற்றிக்கொண்டு தொண்ணூறில் போயிருக்கிறேன். நாலில் ஒரு பங்குக்கு மேல் காற்று இல்லை. கடைக்காரர் "அஞ்சு கம்மி" என்றார். உண்மையில் ஒன்பது கம்மி. ஏற்கெனவே சூட்டில் கூடிய ஐந்தையும் சேர்த்து அல்லவா அவர் இறக்கியிருக்கிறார்?

இந்தக் கணக்கைப் போட ஒரு சிலேட்டுப் பலகை போதும். 31 வருடம் பலகை முன்னால் நின்ற ஆளுக்கு, ரோட்டில் நின்றபோது அது ஞாபகம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசித்தால் எனக்கு ஒரே பதில்தான் கிடைக்கிறது. நம் எல்லோர் மனதிலும் டயர் என்றால் பலூன். பலூனில் காற்று கூடினால் வெடிக்கும். வெயிலில் வைத்தால் வெடிக்கும். ஆகவே டயரும் அப்படித்தான் என்று நாம் முடிவு கட்டிவிட்டோம்.

டயர் பலூன் அல்ல. பலூன் வெறும் ரப்பர். டயருக்குள் நூல் அடுக்கும் எஃகுக் கம்பி அடுக்கும் இருக்கின்றன. சின்னக் கார் டயரின் பக்கவாட்டில் படித்துப் பாருங்கள். உச்ச அழுத்தம் என்று பொடி எழுத்தில் 44 என்றோ 51 என்றோ போட்டிருக்கும். அதுவும் குளிர்ந்த நிலையில் வைக்கக்கூடிய உச்சம். ஓடிச் சூடாகி அதற்கு மேல் ஏறுவதையும் சேர்த்துத்தான் டயரைச் செய்கிறார்கள். 38ஐப் பார்த்து அந்த டயர் பயப்படாது. நாம்தான் பயந்தோம்.

அதைக் கொல்வது மடிப்பு. சின்ன வயதில் கட்டுக்கம்பியை அறுக்க அரம் இல்லாதபோது என்ன செய்வோம்? இப்படியும் அப்படியும் வளைத்து வளைத்து ஒடிப்போம். ஒடிகிற இடத்தைத் தொட்டால் சுடும். காற்றுக் குறைந்த டயரின் பக்கவாட்டுக்கும் அதே கதி. ஒவ்வொரு சுற்றுக்கும் கீழே வரும்போது மடிகிறது, மேலே போகும்போது நிமிர்கிறது. என் வண்டி டயர் 155/80 ஆர்13. அதன் சுற்றளவு 1.8 மீட்டர். கிலோமீட்டருக்கு 550 சுற்று. மதுரையிலிருந்து அந்த இடம் வரை 85 கிலோமீட்டர் என்றால் 46,000 தடவைக்கு மேல் மடிந்து நிமிர்ந்திருக்கிறது. சூடு ஏற ஏற ரப்பர் நூலை விட்டுப் பிரிகிறது. பிறகு பட். வெயில் அந்தச் சூட்டுக்கு மேல் இன்னும் கொஞ்சம் சேர்க்கும், மறுக்கவில்லை. ஆனால் அப்படியானால் வெயில் காலத்தில் செய்யக் கூடாத முதல் காரியம் காற்றைக் குறைப்பதுதானே? குறைத்தால் மடிப்பு கூடும். மடிப்பு கூடினால் சூடு கூடும். நோய்க்கு மருந்து என்று நோயையே ஊட்டுகிறோம்.

பங்க்சர் கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் வெடித்த டயரைப் பார்க்கிறார், வெடிப்பதற்கு முந்தின நாள் அதில் காற்று எவ்வளவு இருந்தது என்பதை அவர் பார்ப்பதில்லை. வெடிப்பது மே மாதத்தில் அதிகம் என்று பார்க்கிறார். வெயிலையும் வெடிப்பையும் முடிச்சுப் போடுகிறார். பள்ளிக்கூடம் கற்றுத்தராததை அவர் கண்ணால் கற்றார், பாதி தப்பாகக் கற்றார். பள்ளிக்கூடத்திலேயே இருந்துவிட்டு நான் ஏன் தலையை ஆட்டினேன் என்பதுதான் கேள்வி. பங்குப் பையன் மேலும் கோபம் இல்லை. ஒரு நாளைக்கு நூறு வண்டி வருகிற இடத்தில் ஒவ்வொரு கதவையும் திறந்து சீட்டுப் படிப்பது அவன் வேலையா? வண்டி நம்முடையது. உள்ளே உட்கார்ந்திருப்பது நம் அக்கா, நம் பேத்தி.

நாம் எப்படிப்பட்டவர்கள்? வீட்டில் பிரஷர் பார்க்கிற கருவி இல்லாத ஓய்வூதியக்காரர் உண்டா? காலையில் காபிக்கு முன்னால், உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆன பிறகு, இடது கையில் பார்த்து நோட்டில் எழுதுகிறோம். மாத்திரை அட்டையின் பின்னால் உள்ள பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறோம். நூற்று நாற்பது காட்டினால் டாக்டருக்குப் போன். அதே நாம், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கிற சீட்டைப் பத்து வருடமாகப் படித்ததில்லை. கதவுத் தூணில் இல்லாவிட்டால் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் இருக்கும். அங்கும் இல்லாவிட்டால் வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும்.

அந்தச் சீட்டில் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, முன் டயருக்கும் பின் டயருக்கும் எண் வேறாக இருக்கலாம். இரண்டு, இரண்டு பேர் போனால் ஒன்று, முழுச் சுமையில் போனால் ஒன்று என்று இரண்டு வரிசை இருக்கலாம். மூன்று, அளவு எதில் போட்டிருக்கிறது என்று பாருங்கள். 230 கிலோபாஸ்கல், 2.3 பார், 33 பி.எஸ்.ஐ. மூன்றும் ஒன்றுதான். எல்லா எண்ணும் குளிர்ந்த டயருக்கு. குளிர்ந்த டயர் என்றால் வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது.

33 வேண்டிய வண்டிக்கு 35 வைத்தால் குடி முழுகாது. ஆனால் எல்லா வண்டிக்கும் ஒரே எண் என்பது, எல்லா நோயாளிக்கும் ஒரே மாத்திரை என்பது போல. பக்கவாட்டில் 44 என்று இருக்கிறதே, அதையே வைத்துவிடலாம் என்று போகிறவர்களும் உண்டு. அதுவும் தப்பு. அது டயரின் எல்லை, உங்கள் வண்டிக்கான அளவு அல்ல. அளவுக்கு மேல் அடித்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையில் பட்டுத் தேயும். பிடிமானம் குறையும். குழியில் இறங்கினால் முதுகெலும்பு சொல்லும். குறைவாக வைத்தால் இரண்டு ஓரமும் தேயும். உங்கள் டயரைத் தடவிப் பாருங்கள், கடந்த ஒரு வருடம் நீங்கள் எப்படி ஓட்டினீர்கள் என்பதை அதுவே சொல்லிவிடும்.

அடுத்தது நைட்ரஜன். "நைட்ரஜன் அடிச்சிட்டா வெயிலுக்குப் பயமே இல்ல சார்" என்று ஒரு டயர் ஷோரூமில் என்னிடமே சொன்னார்கள். டயருக்கு 50 ரூபாய். நாம் மூச்சு விடுகிற காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். சூடானால் அதுவும் அதே விதிப்படிதான் விரியும், அதற்கென்று தனிச் சட்டம் இல்லை. நன்மையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ரப்பர் வழியாக மெல்லக் கசிவது கொஞ்சம் குறையும். அமெரிக்காவில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை ஒரு வருடம் டயர்களை வைத்துப் பார்த்தது. சாதாரணக் காற்று அடித்தவற்றில் சராசரியாக 3.5 பி.எஸ்.ஐ. குறைந்தது, நைட்ரஜன் அடித்தவற்றில் 2.2. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் காசு கொடுத்து அடித்துவிட்டோம் என்ற நிம்மதியில் ஆறு மாதம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆணி குத்தி மெல்லக் காற்று இறங்கினால் அது நைட்ரஜனா என்று பார்த்தா இறங்கும்?

என் மச்சான், மனைவியின் அண்ணன், இந்த விஷயத்தில் என்னோடு ஒத்துப்போவதே இல்லை. அவருடைய வாதங்களையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதல் வாதம்: "நாப்பது வருசமா ஓட்டறேன் மாப்ள. ஒரு தடவ காலால எத்திப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிரும்." அவர் ஓட்டக் கற்றது அம்பாசிடரில், டியூப் போட்ட பழைய வகை டயரில். இப்போது இருப்பது ரேடியல். ரேடியலில் காற்று சரியாக இருந்தாலும் கீழே கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும். 33க்கும் 26க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, காலுக்கும் தெரியாது. நான் அவர் வண்டியிலேயே சோதனை வைத்தேன். நாலு டயரையும் எத்தி, "எல்லாம் கல்லு மாதிரி இருக்கு" என்றார். கேஜ் வைத்ததில் ஒன்று 25. கேஜ் தப்பு என்றார். இன்னொரு கேஜ் கொண்டு வந்தேன். டீ ஆறுகிறது என்று உள்ளே போய்விட்டார்.

இரண்டாவது வாதம்: "கம்மியா வெச்சா வண்டி மெத்துனு போகுது. நம்ம இடுப்புக்கு அதான் நல்லது." மெத்தென்று போகும், உண்மை. ஆனால் அந்த மெத்து எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க வேண்டும். ஐந்து பேரோடு வண்டியின் எடை 1,200 கிலோவுக்கு மேல். ஒரு டயருக்கு 300 கிலோ. 33 பி.எஸ்.ஐ. என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.3 கிலோ. ஆக ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுவது ஏறத்தாழ 130 சதுர சென்டிமீட்டர். ஒரு தபால் அட்டையின் அளவு. நம் குடும்பம் மொத்தமும் நாலு தபால் அட்டைமேல் ஓடுகிறது. அந்த எடையைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே இருக்கிற காற்று. காற்றைக் குறைத்தால் அந்தச் சுமையைப் பக்கவாட்டு ரப்பர் சுமக்க வேண்டும். அதற்காக அது செய்யப்படவில்லை. இடுப்பு வலிக்குத் தலையணை வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வாதம்தான் கொஞ்சம் கனமானது. "கம்பெனிக்காரன் போடற நம்பர் மட்டும் வேதமா?" இல்லை. 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டியில் போட்டவை. ஓடும்போதே டயரின் மேல்பகுதி பிரிந்து, வண்டி கவிழ்ந்து, பலர் செத்துப்போனார்கள். அந்த வண்டிக்கு ஃபோர்டு சொன்ன அழுத்தம் 26. அது குறைவு என்றும், 30 வேண்டும் என்றும் டயர் கம்பெனி வாதாடியது. டயரிலும் கோளாறு இருந்தது, அது வேறு விஷயம். ஆகவே கம்பெனி எண் தப்பவே தப்பாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சண்டை முழுக்க எதைப் பற்றி? குறைவாகச் சொல்லிவிட்டாய் என்பது பற்றி. அந்த வருடமே அமெரிக்காவில் சட்டம் வந்தது. அதன் கீழ் வந்த விதிப்படி, டயரில் காற்று 25 சதவீதம் குறைந்தால் ஓட்டுபவர் முன்னால் விளக்கு எரிய வேண்டும். நான் போனது 27 சதவீதக் குறைவில். அந்த விளக்கு என் வண்டியில் இல்லை.

ஆகவே என் நிலை இது: சீட்டில் உள்ள எண்ணுக்குக் கீழே ஒருபோதும் போகாதீர்கள். நெடுந்தூரம், முழுச் சுமை என்றால் சீட்டில் சுமைக்கான எண்ணை வையுங்கள். அப்படித் தனி எண் இல்லை என்றால் இரண்டு பி.எஸ்.ஐ. கூட்டிக்கொள்ளுங்கள். வெயில், மழை, ஆடி, மார்கழி எல்லாவற்றுக்கும் அதே எண்தான்.

பெட்ரோல் மிச்சமாகும் என்று ஆசை காட்ட மாட்டேன். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் செலவு 0.2 சதவீதம் கூடும். ஒன்பது குறைந்தாலும் இரண்டு சதவீதத்துக்குக் கீழேதான். மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்குப் போடுகிறவருக்கு நாற்பது ரூபாய்கூட வராது. இது காசுக்கான சண்டை அல்ல.

நம் வயதுக்காரர்களுக்கு இன்னொரு தனி ஆபத்து இருக்கிறது. நம் வண்டி ஓடுவதே இல்லை. கோவிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மாதம் இரண்டு தடவை. மற்ற நாள் உறை போட்டு நிற்கிறது. டயர் நின்றுகொண்டே மாதத்துக்கு ஒரு பி.எஸ்.ஐ. போல இழக்கும். ஆறு மாதம் கழித்து, பேரன் பேத்தி லீவுக்கு வந்த அன்றைக்கு, எல்லோரையும் ஏற்றிக்கொண்டு நேராகப் பழனிக்குக் கிளம்புகிறோம். குறைந்த காற்று, கூடிய சுமை, நெடுஞ்சாலை வேகம். இதைவிட மோசமான சேர்க்கை கிடையாது.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. "பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடல, புதுசு மாதிரி இருக்கு" என்பது நம்மில் பலர் சொல்கிற வசனம். ரப்பர் நின்ற இடத்திலேயே கிழடாகும். நம்மைப் போலத்தான். ஐந்து வருடம் தாண்டினால் வருடத்துக்கு ஒரு முறை தெரிந்தவரிடம் காட்டுங்கள். பத்து வருடம் ஆனால், பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். சொந்தமாக ஒரு கேஜ் வாங்கினேன். சில நூறு ரூபாய்தான். மாதம் முதல் தேதி, பேப்பர் வருவதற்கு முன்னால், வண்டி எடுக்காமல், நாலு டயரும் ஸ்டெப்னியும் பார்க்கிறேன். ஸ்டெப்னியில் இரண்டு மூன்று கூடுதலாகவே வைத்திருக்கிறேன், கிடக்கிற காலத்தில் குறையுமே. ஐந்து எண்களையும் பிரஷர் எழுதுகிற அதே நோட்டில் எழுதுகிறேன். ஒரு டயர் மட்டும் மற்றவற்றைவிடத் தனியாகக் குறைந்தால் அதில் ஆணி இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு தடவை அப்படிப் பிடித்துவிட்டேன். வால்வு மூடி தொலைந்திருந்தால் போட்டுவிடுகிறேன். பங்கில் எண்ணை நானே சொல்கிறேன், சொன்ன எண்ணை இயந்திரத்தில் வைத்தானா என்று இறங்கி நின்று பார்க்கிறேன். வழியில் டயர் சூடாக இருக்கும்போது கூடுதலாகக் காட்டினால் ஒரு பொட்டுக் காற்றுகூட வெளியே விடுவதில்லை. சூட்டில் நிரப்பியே ஆக வேண்டிய கட்டாயம் வந்தால் சீட்டு எண்ணுக்கு மேல் நாலு கூட்டி நிரப்பி, மறுநாள் காலை குளிர்ந்த பிறகு சரி பார்க்கிறேன். "காற்று இலவசம்" என்று போர்டு இருந்தும் இயந்திரம் ரிப்பேர் என்று சொன்னால், எப்போது சரியாகும் என்று மேனேஜரிடம் கேட்டுவிட்டுத்தான் வருகிறேன். கிழவன் தொல்லை என்று சொல்லிக்கொள்ளட்டும்.

கடைசியாக ஒன்று. அந்த மெக்கானிக் கடையில் தெரிந்துகொண்டதை நான் அக்காவிடம் சொல்லவே இல்லை. நாலு வருடம் சொல்லவில்லை. அவர் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் வெயிலைப் பற்றியும் கண்ணைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய இடது மணிக்கட்டு முழுசாகத் திரும்பாது. இட்லிக் குண்டானை இறக்க இன்னொரு ஆள் வேண்டும். போன வருடம் ஒரு நாள் சொன்னேன். காற்றை இறக்கச் சொல்லித் தலையை ஆட்டினது நான்தான், பாடம் நடத்திய ஆளே தப்புச் செய்தேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல தம்பி. அந்தக் கல்யாண வீட்டுக்காரிகளை நாலு வருசமா மனசுக்குள்ள வஞ்சுட்டு இருந்தேன்" என்றார்.

பேத்தி இப்போதும் என் வண்டியில் ஏறுவதற்கு முன் நாலு டயரையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "தாத்தா, முப்பத்தி மூணா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறாள். கேட்கட்டும். கேட்க வேண்டிய கேள்விதான்.

நாளைக் காலை வண்டியை எடுப்பதற்கு முன்னால் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, குனிந்து, அந்தச் சீட்டைப் படியுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.